நன்னீர் கிரேஃபிஷ்கள்: எங்கே வாழ்கின்றன, புதியவை எப்படிக் கண்டறியப்படுகின்றன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேஃபிஷ் என்பது மீனா, நண்டா, இறாலா?

பெயரின் பிற்பாதியில் மீன் இருந்தாலும் இது மீன் அன்று. நண்டும் இறாலும் அடங்கிய பத்துக்கால் ஓட்டுடலிகளின் வரிசையைச் சேர்ந்தது. கடலில் வாழும் கொடுக்குள்ள லாப்ஸ்டருக்கு மிக நெருங்கிய உறவு. நம் கடற்கரை மீனவர்கள் சிங்கி இறால் என்று சொல்வது வேறு. அதற்கு முள் நிறைந்த நீண்ட உணர்கொம்புகள் உண்டு, பெரிய கொடுக்குகள் இல்லை. கிரேஃபிஷுக்கு முதல் இணைக் கால்கள் தடித்த கொடுக்குகளாக இருக்கும். ஆகவே ‘நன்னீர்ச் சிங்கி இறால்’ என்று மொழிபெயர்த்தால் தவறான உருவமே மனத்தில் எழும் என்பதால், இங்கே கிரேஃபிஷ் என்றே எழுதுகிறேன்.

இதன் வாழ்க்கையில் ஒரு செய்தியை முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது. பின்வரும் பல விடைகளுக்கு அதுவே அடிப்படை. தாய் தன் முட்டைகளை வயிற்றின் அடியில் உள்ள நீந்துகால்களில் ஒட்டவைத்துக்கொண்டு வாரக்கணக்கில், சில சிற்றினங்களில் மாதக்கணக்கில், சுமக்கிறது. முட்டையிலிருந்து வெளிவருவது நீரில் மிதந்து திரியும் இளவுயிரி அன்று. ஏறக்குறைய தாயின் உருவத்தையே கொண்ட குஞ்சு. வெளிவந்த குஞ்சு மெல்லிய இழையொன்றால் தாயோடு இணைந்திருக்கும். பின்னர்த் தன் சிறு கொடுக்குகளால் தாயின் நீந்துகாலைப் பற்றிக்கொள்ளும். ஓரிரு முறை சட்டை உரித்த பிறகே தனியே நடக்கத் தொடங்கும். நம் ஊர்ப் பண்ணைகளில் ஸ்கேம்பி என்று வளர்க்கப்படும் நன்னீர் இறாலின் இளவுயிரிகளுக்கு உவர்நீர் தேவை என்பதால் அந்த இனம் கழிமுகத்தோடு தொடர்பை விடாமல் வைத்திருக்கிறது. கிரேஃபிஷுக்குக் கடலோடு எந்தத் தொடர்பும் வேண்டியதில்லை. அதனாலேயே கடல் அதற்குக் கடக்க முடியாத சுவராகிவிட்டது.

உலகில் எத்தனை சிற்றினங்கள் உள்ளன? எங்கெங்கே?

2017இல் கீத் கிராண்டல், சாமி டி கிரேவ் ஆகிய இருவரும் வெளியிட்ட முழுப் பட்டியலில் 669 சிற்றினங்கள் இருந்தன. அதன் பிறகும் ஆண்டுதோறும் புதியவை சேர்ந்துகொண்டிருக்கின்றன. இவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை வட அமெரிக்காவுக்கு உரியவை. அடுத்த பெரும் தொகுதி ஆஸ்திரேலியாவில் வாழ்கிறது. நியூசிலாந்தில் இரண்டு, மடகாஸ்கரில் ஏழு; தென் அமெரிக்காவில் சிலி, அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் ஆகிய பகுதிகளில் சில. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் எண்ணிக்கை குறைவு. அமூர் ஆற்றுப் பகுதி, வடகிழக்குச் சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய இடங்களில் மற்றொரு சிறு குழு உண்டு.

ஆப்பிரிக்கப் பெருநிலம், இந்தியத் துணைக்கண்டம், அமேசான் படுகை ஆகிய பெரும் பரப்புகளில் இயற்கையாக ஒரு கிரேஃபிஷ்கூடக் கிடையாது. இந்த வெற்றிடங்களே ஒன்றரை நூற்றாண்டாக அறிஞர்களைச் சிந்திக்கவைத்து வருகின்றன.

வட அரைக்கோளத்தில் ஒரு கூட்டமும் தென் அரைக்கோளத்தில் ஒரு கூட்டமுமாக இவை ஏன் பிரிந்து கிடக்கின்றன?

இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர் ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. கிரேஃபிஷ் ஒன்றையே பாடமாகக் கொண்டு விலங்கியலைக் கற்பிக்க 1880இல் அவர் எழுதிய நூலில், வடக்கில் வாழ்பவையும் தெற்கில் வாழ்பவையும் உடலமைப்பிலேயே வேறுபட்ட இரு குடும்பங்கள் என்றும், இரண்டுக்கும் நடுவே வெப்பமண்டலம் ஓர் அகன்ற இடைவெளியாகக் கிடக்கிறது என்றும் எடுத்துக்காட்டினார். கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்தை வெகெனர் முன்வைத்தது 1912இல்தான். ஆகவே அதற்கு முன் எழுதியவர்கள், கடலைக் கடக்க முடியாத ஓர் உயிரி ஆஸ்திரேலியாவிலும் மடகாஸ்கரிலும் சிலியிலும் எப்படி இருக்க முடிகிறது என்பதை விளக்க, கடலில் மூழ்கிப்போன நிலப்பாலங்களைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது.

இன்றைய விளக்கம் எளிமையானது. எல்லாக் கிரேஃபிஷ்களும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. பாஞ்சியா என்னும் ஒற்றைப் பெருங்கண்டம் வடக்கே லாரேசியா, தெற்கே கோண்டுவானா என்று பிளந்த காலத்தில், அதாவது சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த மூதாதையின் வழித்தோன்றல்களும் இரண்டாகப் பிரிந்தன. கோண்டுவானா மேலும் உடைந்தபோது, அதன் துண்டுகள் தத்தம் கிரேஃபிஷ்களைச் சுமந்துகொண்டே விலகிச் சென்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுமார் 10 கோடியே 60 லட்சம் ஆண்டுப் பழமையான பாறைகளிலிருந்து கிடைத்து 2008இல் விவரிக்கப்பட்ட புதைபடிவங்கள், அந்தக் காலத்திலேயே தெற்கில் இவை வாழ்ந்ததை உறுதிசெய்தன. மடகாஸ்கரின் ஏழு சிற்றினங்களுக்கு மிக அருகில் இருக்கும் நிலம் ஆப்பிரிக்கா. ஆனால் அவற்றின் உறவினர்கள் இருப்பதோ பெருங்கடலுக்கு அப்பால்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று கிரேஃபிஷின் உடலில் அன்று, அதன்மேல் ஒட்டி வாழும் சிறு புழுக்களில் இருக்கிறது. வடக்கத்திய கிரேஃபிஷின் ஓட்டைப் பெருக்காடியால் பார்த்தால், அட்டைகளுக்கு உறவான சில மில்லிமீட்டர் நீளமுள்ள புழுக்கள் ஊர்வதைக் காணலாம். ஆஸ்திரேலியக் கிரேஃபிஷின் ஓட்டில் இருப்பவையோ முற்றிலும் வேறு தொகுதியைச் சேர்ந்த, முன்புறம் விரல் போன்ற உணர்நீட்சிகள் கொண்ட தட்டைப்புழுக்கள். குடித்தனக்காரர்களும் வீட்டுக்காரர்களோடு சேர்ந்தே பிரிந்து போயிருக்கிறார்கள்.

இந்தியாவிலும் இலங்கையிலும் ஏன் கிரேஃபிஷ் இல்லை?

இந்தியாவும் கோண்டுவானாவின் ஒரு துண்டுதான். மடகாஸ்கரோடு ஒட்டியிருந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வடக்கே நகர்ந்தது. மடகாஸ்கரில் இருப்பது இங்கேயும் இருந்திருக்கலாமே என்று கேட்பது நியாயமே. இதற்கு முன்வைக்கப்படும் விளக்கங்கள் இரண்டு. நிலநடுக்கோட்டைக் கடந்த நெடும் பயணத்தின் வெப்பமும், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பொங்கிய எரிமலைக் குழம்பின் விளைவுகளும் குளிர்ந்த ஓடைகளை விரும்பும் உயிரிகளை அழித்திருக்கலாம் என்பது ஒன்று. வெப்பமண்டல ஓடைகளில் அதே இடத்தை நன்னீர் நண்டுகள் பிடித்துக்கொண்டன என்பது மற்றொன்று. நண்டு வாழும் நிலமும் கிரேஃபிஷ் வாழும் நிலமும் பெரும்பாலும் ஒன்றையொன்று தவிர்க்கின்றன என்பதை ஹக்ஸ்லியே கவனித்திருந்தார். இலங்கையில் மட்டும் 50க்கும் மேற்பட்ட நன்னீர் நண்டுச் சிற்றினங்கள் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் கல்லைப் புரட்டினால் கையைக் கடிக்க வருவது நண்டுதான். என்றாலும் இரண்டும் கலந்து வாழும் இடங்கள் மடகாஸ்கரிலும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு என்பதால், போட்டி ஒன்றே காரணம் என்று முடிவுகட்டுவது பொருந்தாது.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் மட்டும் ஏன் இவ்வளவு சிற்றினங்கள்?

அலபாமா என்ற ஒரு மாநிலத்தில் மட்டும் நூறை ஒட்டிய எண்ணிக்கையில் சிற்றினங்கள் உள்ளன. பனியுகங்களில் வட அமெரிக்காவின் வட பாதியைப் பனிப்பாளங்கள் மூடியபோதும் இந்தப் பகுதி மூடப்படவில்லை. அப்பலாச்சிய மலைகளிலிருந்து இறங்கும் ஆறுகள் மிகப் பழையவை. ஒவ்வொன்றும் தனித்தனி வடிநிலம். ஓர் ஓடையின் கிரேஃபிஷ் மலைமுகட்டைக் கடந்து அடுத்த ஓடைக்குப் போக முடியாமல் லட்சக்கணக்கான ஆண்டுகள் தனித்து வாழ்ந்தால், அது வேறொன்றாக மாறிவிடுகிறது. அதோடு சுண்ணாம்புக்கல் குகைகளும் அங்கே மிகுதி. புளோரிடாவின் நிலத்தடி நீரில், குகைக் கூரையைப் பற்றிக்கொண்டு தலைகீழாக நடக்கும் கண்ணற்ற சிறு கிரேஃபிஷ் ஒன்று வாழ்கிறது. அதை 1942இல் விவரித்த ஹார்ட்டன் ஹாப்ஸ், தன் வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட கிரேஃபிஷ்களுக்குப் பெயரிட்டவர்.

கையில் கிடைத்தது புதிய சிற்றினம்தான் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

நிறத்தை வைத்து முடிவு செய்வதில்லை. ஒரே ஓடையில் பழுப்பும் பச்சையும் நீலமுமாகக் கிடைக்கும். சட்டை உரித்தால் சாயலும் மாறும். கொடுக்கின் நீள அகலம், தலைமார்பு ஓட்டின் நடுவே ஓடும் இரு கோடுகளுக்கு இடைப்பட்ட அகலம், நெற்றி முள்ளின் வடிவம் ஆகியவை முதலில் அளக்கப்படுகின்றன.

வட அமெரிக்கச் சிற்றினங்களில் தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் ஆணின் முதல் இணை நீந்துகால்களே. ஆணைத் திருப்பிப் பிடித்து, நடக்கும் கால்களுக்கு நடுவே பார்த்தால், முன்னோக்கி மடிந்து கிடக்கும் குச்சி போன்ற ஓர் இணை தெரியும்; விந்தைப் பெண்ணுக்குக் கடத்துவது அதுதான். அதன் நுனி சில மில்லிமீட்டரே இருக்கும். ஆனால் அது ஒரே முனையா, இரண்டாகப் பிளந்ததா, கொக்கிபோல் வளைந்ததா என்பது சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் அந்த நுனி கெட்டியாகவும் கூர்மையாகவும் இருக்கும். பருவம் முடிந்து ஆண் சட்டை உரித்தால் மழுங்கிப்போன மென்மையான வடிவத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே தவறான மாதத்தில் ஓடைக்குப் போனவர், கை நிறையப் பிடித்தும் பெயர் சொல்ல முடியாமல் திரும்ப நேரிடும். தென் அரைக்கோளத்தில் இந்த வழியே இல்லை. அந்தக் குடும்பத்துக்கு முதல் இணை நீந்துகால்களே கிடையா.

இப்போது மரபணு ஒப்பீடும் சேர்ந்திருக்கிறது. ருமேனியாவின் அபுசேனி மலைகளில் வாழும் கிரேஃபிஷ், ஐரோப்பாவில் பரவலாக உள்ள கல் கிரேஃபிஷின் ஒரு கிளை என்றே கருதப்பட்டுவந்தது. அதன் மரபணுவும் உடலளவுகளும் தனித்து நிற்பதைக் காட்டி, 2019இல் அதற்கு ஆஸ்ட்ரோபொட்டாமோபியஸ் பிஹாரியென்சிஸ் என்று பெயரிட்டார்கள். பல தலைமுறைகளாக மக்கள் கண்டும் பிடித்தும் வந்த உயிரி ஒரு கட்டுரையால் தனிச் சிற்றினமானது. ‘கண்டுபிடிப்பு’ என்றால் காட்டுக்குள் போய் யாரும் காணாததைக் காண்பது என்றே நாம் நினைக்கிறோம்; ஏற்கெனவே கண்டதை வேறுபடுத்தி அறிவதும் கண்டுபிடிப்புதான்.

பெரிய உருவமுள்ள ஓர் உயிரி, அறிஞர்கள் அடிக்கடி சென்ற ஆற்றிலேயே மறைந்திருக்க முடியுமா?

முடியும் என்பதற்கு டென்னசி மாநிலத்தின் ஷோல் கிரீக் சாட்சி. அரை நூற்றாண்டாகக் கிரேஃபிஷ் ஆய்வாளர்கள் வந்துபோன ஓடை அது. அங்கே அறிமுகமான சிற்றினங்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு பெரிய, உணர்கொம்புகளில் தாடிபோல் மயிர் அடர்ந்த கிரேஃபிஷ் ஒன்று கிடைத்ததாகப் படம் வந்தபோது, கிறிஸ்டோபர் டெய்லர், குன்ட்டர் ஷூஸ்டர் ஆகிய இருவரும் நேரில் தேடிச் சென்றார்கள். இதே வகையில் அதுவரை அறியப்பட்டிருந்த ஒரே சிற்றினம், சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால் கென்டக்கியின் ஆறுகளில் வாழ்வது. மணிக்கணக்கில் கற்களைப் புரட்டியும் ஒன்றும் அகப்படவில்லை. இறுதியில் ஆற்றின் நடுவே கிடந்த பெரிய தட்டைப் பாறையைப் புரட்டியபோதுதான் அதன் அடியில் இருந்தது. 2011இல் அதற்கு பார்பிகேம்பரஸ் சிம்மன்சி என்று பெயரிடப்பட்டது. எல்லோரும் புரட்டக்கூடிய கல்லைத்தான் புரட்டியிருக்கிறார்கள். அது வாழ்ந்ததோ ஒருவரால் புரட்ட முடியாத கல்லுக்கு அடியில். கிரேஃபிஷ்களின் பரவல் வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். வரைபடத்தில் உள்ள புள்ளி உயிரியின் இருப்பிடத்தைக் காட்டுகிறது. வெற்றிடமோ பல நேரங்களில் தேடியவர்கள் போகாத இடத்தைக் காட்டுகிறது.

அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் நகருக்கு அடியில் உள்ள ஷெல்டா குகையின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. கண்ணும் நிறமும் அற்ற ஷெல்டா குகைக் கிரேஃபிஷ் அந்த ஒரு குகையில் மட்டுமே வாழ்வது. 1988க்குப் பிறகு யாரும் அதைக் காணவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினார்கள். 2019இல் ஒன்றும் 2020இல் ஒன்றுமாக, மேத்யூ நீமில்லரின் குழுவினர் மீண்டும் கண்டார்கள்.

கடையில் விற்ற பிறகு அறிவியல் பெயர் பெற்ற சிற்றினங்கள் உண்டு என்பது உண்மையா?

உண்மை. நியூ கினி தீவின் மேற்குக் கோடியில் உள்ள கேபலா புருங் தீபகற்பத்தின் ஓடைகளிலிருந்து வண்ணக் கிரேஃபிஷ்கள் அலங்கார மீன் வணிகத்துக்காகப் பிடிக்கப்படுகின்றன. கொடுக்கின் நுனி ஆரஞ்சு நிறமாக உள்ள ஒன்று, ‘ஆரஞ்சு டிப்’ என்ற வணிகப் பெயரோடு பல நாடுகளின் தொட்டிகளில் வளர்ந்துகொண்டிருந்தது. கிறிஸ்டியன் லூகாப்பும் உடன் ஆய்வாளர்களும் அதை 2015இல் செராக்ஸ் ஸ்னோடன் என்று விவரித்தார்கள். அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனைப் பெருமைப்படுத்தும் பெயர் அது. ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த செராக்ஸ் புல்கெரும் அதே ஆண்டில் பெயர் பெற்றது. பெயரே இல்லாத உயிரி எத்தனை எஞ்சியிருக்கிறது என்று யாராலும் கணக்கிட முடியாது. ஆனால் அதன் விலை மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் நிலை.

மிகப் பெரிய கிரேஃபிஷ் எது?

டாஸ்மேனியாவின் அஸ்டகாப்சிஸ் கௌல்டி. உலகின் நன்னீர் முதுகெலும்பற்ற உயிரிகளிலேயே மிகப் பெரியது இதுதான்; முற்காலத்தில் 6 கிலோகிராம் எடையுள்ளவைகூடப் பிடிபட்டிருக்கின்றன. தீவின் வடக்கே, பெரும்பாலும் பாஸ் நீரிணையை நோக்கி ஓடும் ஆறுகளில் மட்டுமே வாழ்கிறது. அதன் பெண் சுமார் 14 வயதில்தான் முதன்முதலாக முட்டையிடும். அதன் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிரியைப் பிடித்துத் தின்றால் ஓர் ஓடை ஒரு தலைமுறைக்குள் வெறுமையாகிவிடும். 1998 முதல் இதைப் பிடிக்கத் தடை உள்ளது.

ஓடையே இல்லாத வயல்வெளியிலும் கிரேஃபிஷ் வாழுமா?

வாழும். ஆஸ்திரேலியாவின் எங்கேயஸ் வகையைச் சேர்ந்த சிற்றினங்கள் மண்ணுக்குள் வளை தோண்டி, நிலத்தடி நீர் எட்டும் ஆழம்வரை இறங்கிவிடும். சில வளைகள் நிலத்தடி நீரையும் தொடுவதில்லை. மேலிருந்து வழியும் மழைநீரே அவற்றுக்குப் போதும். தோண்டிய ஈரமண்ணை உருண்டை உருண்டையாக மேலே கொண்டுவந்து வளையின் வாயைச் சுற்றி அடுக்குவதால், சிறு புகைபோக்கி நிற்பதுபோல் தோன்றும். அமெரிக்காவின் புல்வெளிகளிலும் இப்படிப்பட்டவை உண்டு. வலையோடு ஆற்றில் இறங்குபவரின் கணக்கில் இவை வருவதே இல்லை.

மனிதர்கள் கொண்டுபோனதால் பரவல் எந்த அளவுக்கு மாறியிருக்கிறது?

கோடிக்கணக்கான ஆண்டுகள் எழுதிய வரைபடம் 150 ஆண்டுகளில் அழித்து எழுதப்பட்டுவிட்டது. 1859 வாக்கில் வட இத்தாலியில் கிரேஃபிஷ்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. வட அமெரிக்கக் கிரேஃபிஷ்கள் நோயுறாமலே சுமக்கும் அஃபானோமைசிஸ் அஸ்டாசி என்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிரியே அதற்குக் காரணம். ஐரோப்பியக் கிரேஃபிஷ்களுக்கு அதை எதிர்க்கும் ஆற்றல் பெரும்பாலும் இல்லை. நோய் 1893இல் பின்லாந்தையும் 1907இல் சுவீடனையும் எட்டியது. இழந்த மீன்பிடிப்பை ஈடுகட்ட, கலிபோர்னியாவிலிருந்து சிக்னல் கிரேஃபிஷை 1960இல் சுவீடனுக்குக் கொண்டுவந்தார்கள். அது நோயைத் தாங்கியது. தாங்கியபடியே பரப்பவும் செய்தது.

லூசியானாவின் சதுப்புகளில் வாழும் சிவப்புச் சதுப்புக் கிரேஃபிஷ், தவளைப் பண்ணைக்குத் தீனியாக 1927இல் ஜப்பானுக்குச் சென்றது. அங்கிருந்து சீனாவுக்குப் போனது. பின்னர் வேறு வழிகளில் 1970இல் கென்யாவின் நைவாஷா ஏரிக்கும், 1973இல் ஸ்பெயினுக்கும் போய்ச் சேர்ந்தது. கரைகளைத் தோண்டுவதும் நீர்த்தாவரங்களை வெட்டித் தள்ளுவதும் அதன் இயல்பு.

ஆணே இல்லாமல் பெருகும் கிரேஃபிஷ் என்கிறார்களே, அது என்ன?

பளிங்குக் கிரேஃபிஷ். 1990களின் நடுவில் ஜெர்மனியில் மீன் தொட்டி வளர்ப்போரிடம் முதலில் தென்பட்டது. தனியே வைத்த ஒன்று முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதைக் கண்டு வளர்த்தவர்கள் வியந்தார்கள். கன்னி இனப்பெருக்கத்தால் பெருகும் கிரேஃபிஷ் என்று 2003இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். புளோரிடா, ஜார்ஜியா பகுதிகளின் ப்ரோகேம்பரஸ் ஃபாலக்ஸ் என்ற சிற்றினத்திலிருந்து தோன்றியது. குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதிலாக மூன்று. உலகில் உள்ள எல்லாமே பெண்கள், எல்லாமே ஒன்றன் நகல்கள்.

இது மடகாஸ்கருக்குச் சென்றது பெருங்கேடு. 2007இல் அங்கே சுமார் 1,000 சதுரக் கிலோமீட்டரில் இருந்தது, 2017க்குள் 1,00,000 சதுரக் கிலோமீட்டருக்கு மேல் பரவிவிட்டது. கோண்டுவானாவிலிருந்து எஞ்சிய ஏழு சிற்றினங்கள் வாழும் தீவு அது என்பதை நினைத்தால் இந்த எண்ணின் கனம் புரியும்.

பரவலைத் துல்லியமாக அறிவதால் நடைமுறையில் என்ன பயன்?

2015இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு 590 சிற்றினங்களை ஆராய்ந்து, அவற்றில் 32 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கண்டது. இத்தகைய மதிப்பீடுகளில் வாழிடப் பரப்பே முதன்மையான அளவுகோல். மேற்கு வர்ஜீனியாவின் கயன்டாட் ஆற்றுக் கிரேஃபிஷை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் அருகிலுள்ள பிக் சாண்டி ஆற்றுக் கிரேஃபிஷும் ஒன்றே என்று எண்ணியவரை, இரண்டு ஆற்று வடிநிலங்களில் பரவிய ஒன்றாகவே அது தோன்றியது. 2014இல் பிக் சாண்டியில் உள்ளது தனிச் சிற்றினம் எனப் பிரிக்கப்பட்டதும், கயன்டாட்டில் எஞ்சியிருப்பது எவ்வளவு சொற்பம் என்பது வெளிப்பட்டது. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழியும் வண்டல் கற்களின் இடுக்குகளை அடைத்துவிட்டிருந்தது. 2016இல் இரண்டுமே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றன. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் கரிய கிரேஃபிஷுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1857இல் விவரிக்கப்பட்ட அது இன்று உலகில் இல்லை.

நம் ஊர் அலங்கார மீன் கடைகளில் கிரேஃபிஷ் கிடைத்தால் வாங்கி வளர்க்கலாமா? குளத்தில் ஒன்றைக் கண்டால் என்ன செய்வது?

சட்டப்படி விற்கப்படுவதை வளர்ப்பதாக இருந்தால், தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். காற்றுக்குழாயைப் பற்றியே ஏறி வெளியேறிவிடும். பளிங்குபோல் கோடோடிய உடல் கொண்டதை வாங்கவே வேண்டாம். ஒன்று தப்பினால் போதும். சலித்துப்போனாலும், இடம் மாறினாலும், குஞ்சுகள் பெருகினாலும், எதையும் ஏரியிலோ வாய்க்காலிலோ விடக் கூடாது. தொட்டி நீரையும் திறந்த நீர்நிலையில் கொட்டாதீர்கள்.

குளத்திலோ வயல் வாய்க்காலிலோ கொடுக்குள்ள, நண்டுபோல் அகலமாக இல்லாமல் இறால்போல் நீண்ட உடல் கொண்ட ஓட்டுடலியைக் கண்டால், அது நம் நாட்டுக்கு உரியதாக இருக்க முடியாது என்று ஐயுறுங்கள். ஆனால் நம் பெரிய நன்னீர் இறால்களுக்கும் நீண்ட கொடுக்குகள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். எளிதான வேறுபாடு காலில் இருக்கிறது. கிரேஃபிஷில் பெரிய கொடுக்குகள் முதல் இணைக் கால்களில் அமைந்திருக்கும், அவற்றின் அடி தடித்திருக்கும். இறாலில் நீண்ட கொடுக்கு இரண்டாம் இணையில் இருக்கும், குச்சிபோல் மெலிந்திருக்கும். மேலிருந்து ஒன்றும், திருப்பிப் பிடித்து வயிற்றுப்புறம் தெரிய ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுங்கள். இடத்தையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்கோ தெரிவியுங்கள். பிடித்ததை மீண்டும் நீரில் விடாமல், மூடியுள்ள வாளியில் ஈரத்துணியோடு வைத்திருங்கள். வயிற்றுக்கு அடியில் முட்டைகளோ குஞ்சுகளோ ஒட்டியிருந்தால் அதையும் மறவாமல் சொல்லுங்கள்.